பழகாமல் பழக்க முடியாது

முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அரசியலையும் யுத்தத்தையும் தேர்தல்களையும் பற்றி எழுதிவந்த ஒருவன் இன்று நாய்க்குட்டி ஒன்றின் மூக்கைப் பற்றியும் வாயைப் பற்றியும் எழுத முற்பட்டிருப்பது வாசகர்களுக்கு வியப்பளிக்கக்கூடும். நெடுநாட்களாக மனதில் கிடந்த ஒரு விடயம் இது. எழுதாமல் விட்டால் ஒரு நாய்க்கு நான் செலுத்தவேண்டிய கடன் தீராமலே போய்விடும் என்ற எண்ணம்தான் இதற்குக் காரணம்.

அந்த நாயின் பெயர் வீமன். 1977 ஆம் ஆண்டு எனக்குப் பத்து வயது. பாடசாலை விடுமுறைக்கு வன்னியில் குளக்கரையோரமாக இருந்த எங்கள் குஞ்சியப்பாவின் வீட்டுக்குச் செல்வது வழக்கம். பயிர்ப் பாதுகாப்புக்கென அனுமதிப்பத்திரத்துடன் பெற்ற துவக்கு ஒன்று அவரிடம் இருந்தது. பன்றிக்காக வாங்கிய துவக்கு, மாலை வேளைகளில் புறாவுக்கும் காட்டுத்தாராவுக்கும் பயன்பட்டது. அக்காலத்தில் அதனை யாரும் பெரிய விடயமாகக் கருதவில்லை. வீமன் அப்போது ஆறேழு மாதக் குட்டி. காய்ந்த புல்லுக்குள் விழுந்த புறாவை மனிதக் கண் தேடித் தோற்ற இடத்தில், யாரும் சொல்லிக்கொடுக்காமலே காற்றை முகர்ந்து நேராகச் சென்று எடுத்துவிட்டது. வாலை ஆட்டியபடி குஞ்சியப்பாவை நோக்கி ஓடிவந்தது. வழியில் ஆசை மிகுந்து இரண்டு மூன்று தடவை கடித்தும் விட்டது. இறகு பிய்ந்து, இரத்தம் வடிந்த நிலையில் பறவையைக் கண்டதும் குஞ்சியப்பாவுக்குக் கோபம் வந்தது. புறாவை வாயிலிருந்து இழுத்துப் பறித்து, கையிலிருந்த பூவரசம் கம்பினால் நான்கு அடி போட்டார்.

மறுநாளும் புறா விழுந்தது. வீமன் சென்று அதனருகில் நின்றது, எடுக்கவில்லை. கூப்பிட்டபோது வரவும் இல்லை. நான்காம் நாள் துவக்கைக் கையில் எடுத்ததுமே நெற்பட்டறைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. 'மோப்பம் கெட்ட நாய்' என்று குஞ்சியப்பா தீர்ப்பளித்தார். அதன் பின்னர் அது வாழ்ந்த காலமெல்லாம் முற்றத்தில் கோழிகளோடு படுத்துக்கிடந்தது.

குஞ்சியப்பா கொடிய மனிதர் அல்லர். 'அடியாத மாடு படியாது' என்று நம்பிய ஒரு தலைமுறையைச் சேர்ந்தவர். அந்த நம்பிக்கை எவ்வளவு தவறானது என்பதை நான் அறிந்துகொள்வதற்கு நாற்பத்திரண்டு ஆண்டுகள் சென்றன. அதனைக் கற்றுத்தந்தவர் நோர்வேயில் வாழும் ஒரு முதியவர்.

2019 ஆம் ஆண்டு ஜூன் மாத இறுதியில், ட்ரொன்ட்ஹைம் நகருக்கு வெளியே வசிக்கும் என் சகோதரியின் வீட்டில் மூன்று மாதங்கள் தங்கும் வாய்ப்புக் கிடைத்தது. அடுத்த வீட்டுக்காரர் எழுபது வயதைக் கடந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். இளமை முதல் மலைகளில் பறவை வேட்டைக்குச் சென்றுவருபவர். ஜூலை மாத ஆரம்பத்தில் இங்கிலிஷ் செற்றர் இனப் பெண்குட்டி ஒன்றை வாங்கிவந்தார். அப்போது அதற்கு எட்டு வாரம். என் மருமகனை அழைத்துக்கொண்டு மாலைதோறும் அவரது வேலியோரம் சென்று நிற்பது எனக்குப் பொழுதுபோக்காயிற்று. முதலில் வேடிக்கை பார்த்தேன். பின்னர் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு சென்றேன். தொழில் புத்தி அப்படிப்பட்டது.

நோர்வேயில் பறவை வேட்டைநாய் என்றால் பெரும்பாலும் செற்றர் அல்லது பொயின்ரர் இனங்களைக் குறிக்கும். மலைச்சரிவில் காற்றை எதிர்கொண்டு முன்னும் பின்னுமாக ஓடித் தேடுவதும், பறவையின் வாசனை எட்டியதும் சிலைபோல அசையாது நிற்பதும் அவற்றின் வேலை. அங்கு முக்கியமாக வேட்டையாடப்படுவது நம் கௌதாரியை நினைவூட்டும் ஒரு மலைப்பறவை. கோடையில் கபில நிறமாகவும் குளிர்காலத்தில் வெண்பனியின் நிறமாகவும் மாறுவது. அதன் வேட்டைக்காலம் செப்டெம்பர் 10 ஆம் திகதி ஆரம்பமாகின்றது. அதேவேளை ஏப்ரல் 1 முதல் ஓகஸ்ட் 20 வரை நாய்களைக் கயிற்றில் கட்டியே வெளியே கொண்டுசெல்ல வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். குஞ்சு பொரிக்கும் பறவைகளையும் மேயும் ஆடுகளையும் காப்பதற்கான ஏற்பாடு அது. ஆகவே அந்தக் கோடையில் குட்டியின் பள்ளிக்கூடமாக அமைந்தவை ஆசிரியரின் வீட்டு நடைவழியும் பின்புறப் புற்றரையும்தான்.

முதல் வாரம் முழுவதும் அவர் எதையுமே கற்றுக்கொடுக்கவில்லை. புல்லில் உட்கார்ந்திருந்தார். குட்டி அவர்மீது ஏறி விளையாடியது. எப்போது பயிற்சி தொடங்கும் என்று கேட்டேன். தொடங்கி ஒரு வாரமாகிவிட்டது என்றார்.

பின்னர்தான் மூக்குக்கான விளையாட்டு வந்தது. நாய்க்குட்டி பிறக்கும்போது கண்ணும் திறந்திருப்பதில்லை, காதும் கேட்பதில்லை. அவ்விரண்டும் திறப்பதற்கு ஏறத்தாழ இரண்டு வாரங்களாகின்றன. ஆனால் பிறந்த கணத்திலேயே அது வாசனையைக் கொண்டு தாயின் மடியைக் கண்டடைகின்றது. மனித மூக்கில் ஐம்பது அறுபது இலட்சம் மணமுணரும் கலங்கள் இருப்பதாகவும், நாயின் மூக்கில் அவை இருபது கோடிக்கும் மேல் என்றும் மதிப்பிடுகின்றனர். அப்படியானால் மோப்பம் பிடிக்க நாம் அதற்கு எதைக் கற்பிக்கப் போகின்றோம்? எதையுமே கற்பிக்க முடியாது. வாசனையும் காற்றும் குட்டியும் ஒன்றையொன்று சந்திக்கும் தருணத்தை ஏற்படுத்திக் கொடுக்கலாம். அவ்வளவுதான் மனிதனால் ஆகக்கூடியது.

அதை அவர் செய்த விதம் மிக எளிமையானது. காலையில் புல்லில் ஈரம் இருக்கும்போது, நாலைந்து புல் இதழ்களைக் கிள்ளிக் காற்றில் விட்டு அது வீசும் திசையைப் பார்ப்பார். குட்டியின் உணவுக் கிண்ணத்தைப் புதருக்குள் மறைத்துவைப்பார். காற்று கிண்ணத்தின் பக்கமிருந்து வீசும் வகையில் எதிர்த்திசையிலிருந்து குட்டியை அழைத்துவருவார். மணம் ஓரிடத்திலிருந்து புறப்பட்டு, அடுப்புப் புகைபோல விரிந்துகொண்டே செல்கின்றது. குட்டி அதன் ஓரத்தைத் தொட்டதும் தலையைத் திருப்பும். இடமும் வலமுமாக ஓடும். வாசனை விட்டுப்போகும் இடத்தில் திரும்பும். அவ்வாறு குறுகிக் குறுகி வந்து கிண்ணத்தை அடையும். முதல் நாட்களில் மூக்கை நிலத்தில் தேய்த்துத் தேடிய குட்டி, இரண்டாம் வாரத்தில் தலையை உயர்த்திக் காற்றிலேயே மணத்தைப் பிடிக்கத் தொடங்கியது. பறவை வேட்டைநாய்க்கு வேண்டியது இந்த உயர்ந்த தலைதான். நிலத்தில் மூக்கை வைத்துச் சுவடு பிடிக்கும் நாய், பறவைக்கு மிக அருகில் சென்று அதனைக் கலைத்துவிடும். நண்பகல் வெயிலில் நிலம் காய்ந்திருக்கும் நேரத்தில் அவர் இந்த விளையாட்டை நடத்தியதே இல்லை. தோற்கும் வாய்ப்பு அதிகமுள்ள வேளையில் குட்டியைச் சோதிப்பதால் என்ன இலாபம் என்பது அவரது கேள்வி.

அடுத்தது இறக்கை. முந்திய பருவத்தில் சுட்ட பறவையின் இறக்கைகளைக் குளிர்ப்பெட்டியில் வைத்திருந்தார். தூண்டில் கம்பின் நூலில் இறக்கையைக் கட்டிக் குட்டியின் முன்னால் அசைத்து, அது அசையாது நின்று நோக்குவதைப் படம் பிடித்துப் பெருமைப்படுவோர் பலர் உண்டு. இவர் அதனை இரண்டே தடவைதான் செய்தார். அது கண்ணுக்கான விளையாட்டு, மூக்குக்கு அதில் வேலையில்லை என்றார். கண்ணால் நிற்கப் பழகிய குட்டி, பறவை கண்ணில் படும்வரை நெருங்கிச் செல்லும். மலையில் அது உதவாது. ஆகவே இறக்கையைப் புல்லுக்குள் ஒளித்துவைத்து, உணவுக் கிண்ணத்தைப் போலவே காற்றின் உதவியோடு கண்டுபிடிக்கச் செய்தார்.

எடுத்துவரும் பயிற்சிதான் என்னை மிகவும் கவர்ந்தது. வீட்டின் ஒடுங்கிய நடைவழியில் எல்லாக் கதவுகளையும் சாத்திவிட்டு, குட்டியின் படுக்கைக்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்துகொள்வார். பழைய காலுறையைச் சுருட்டி நாலடி தூரத்தில் உருட்டிவிடுவார். குட்டி பாய்ந்து கவ்வும். கவ்விய எதையும் தன் படுக்கைக்குக் கொண்டுசெல்வது குட்டியின் இயல்பு. படுக்கைக்கு வழி ஒன்றுதான்; அந்த வழியில் அவர் உட்கார்ந்திருக்கின்றார். ஆகவே குட்டி அவரிடம் வந்தே ஆகவேண்டும். வந்ததும் காலுறையைப் பறிக்கமாட்டார். வாயில் அது இருக்கும்போதே நெஞ்சையும் முதுகையும் தடவிக்கொடுத்து, மெதுவான குரலில் பாராட்டுவார். அரை நிமிடம் கழித்துத்தான் கை காலுறைக்குச் செல்லும். உடனேயே மீண்டும் உருட்டிவிடுவார். கொடுத்தால் இழப்பு இல்லை, இன்னொன்று கிடைக்கும் என்பதைக் குட்டி இவ்வாறு அறிந்துகொள்கின்றது. மூன்று தடவை, அதற்குமேல் இல்லை. நாலாவது தடவைக்குக் குட்டி துடித்துக்கொண்டிருக்கும் நேரத்திலேயே காலுறை அலமாரிக்குள் போய்விடும்.

என்னிடமும் ஒரு தவறு நேர்ந்தது. ஒருநாள் அவரது வாசற்படியில் வைத்திருந்த எனது மூக்குக்கண்ணாடிக் கூட்டைக் குட்டி கவ்விக்கொண்டு ஓடியது. நான் சத்தமிட்டபடி துரத்தினேன். அவர் என்னைக் கையமர்த்தினார். துரத்தினால் இரண்டு பாடங்கள் கற்பிக்கப்படுகின்றன என்றார். எதையாவது கவ்வினால் மனிதனிடமிருந்து ஓட வேண்டும் என்பது ஒன்று. ஓடுவது வேடிக்கையானது என்பது மற்றையது. அவர் குந்தியிருந்து, முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, பெயர் சொல்லி அழைத்தார். குட்டி வந்தது. கூட்டை மரியாதையோடு பெற்றுக்கொண்டு, பெரும் பொக்கிஷத்தைக் கொண்டுவந்ததைப்போல நன்றி கூறினார். செருப்பைக் கொண்டுவரும் குட்டியை அடிப்பவன், பின்னாளில் பறவையைக் கொண்டுவரவில்லையே என்று நாயைக் குறைகூற முடியாது என்றார். அந்தக் கணத்தில் வீமனின் நினைவு வந்தது. நான் எதுவும் பேசவில்லை.

ஓகஸ்ட் நடுப்பகுதியில் காலுறையின்மீது இறக்கையைச் சுற்றிக் கட்டினார். அதன் பின்னர் குளிரூட்டப்பட்ட முழுப் பறவையை வழங்க எண்ணியிருந்தார். அதற்கிடையில் ஒரு மாலை காலுறையில் சிறிய பாற்பல் ஒன்று சிக்கியிருந்தது. எடுத்துவரும் விளையாட்டு அன்றோடு நிறுத்தப்பட்டது. பல் விழுந்து முளைக்கும் காலத்தில் ஈறு நோகும். நோவும் பறவையும் குட்டியின் மனதில் ஒன்றாகப் பதிந்துவிடக்கூடாது. புதிய பற்கள் முளைத்து முடிவதற்கு இன்னும் இரண்டு மாதம் ஆகும், அதுவரை பொறுப்போம் என்றார். துவக்குச் சத்தமும் அப்படித்தான். முதலில் வெகு தூரத்தில், குட்டி வேறொன்றில் ஆழ்ந்திருக்கும்போது மெல்லிய வெடி. பல வாரங்களில் மெல்ல மெல்ல நெருங்கி வருவது. ஒரே நாளில் காதருகில் சுட்டுப் பார்த்து, வாழ்நாள் முழுவதும் வெடிக்கு அஞ்சும் நாயை உருவாக்கியவர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கின்றார்கள்.

இவையெல்லாம் ஒரு முதியவரின் தனிப்பட்ட மென்மை என்று நினைத்துவிடக்கூடாது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில், பார் ஹார்பர் என்ற ஊரிலுள்ள ஜக்சன் ஆய்வுகூடத்தில் ஜோன் போல் ஸ்கொட், ஜோன் ஃபுல்லர் ஆகிய இரு அறிவியலாளர்கள் பல ஆண்டுகளாக நாய்க்குட்டிகளை ஆராய்ந்து 1965 இல் நூலாக வெளியிட்டனர். மூன்றாவது வாரத்துக்கும் பன்னிரண்டாவது வாரத்துக்கும் இடைப்பட்ட காலத்தில் உருவாகும் உறவுகளும் அச்சங்களும் ஆழமாகப் பதிந்துவிடுகின்றன என்பது அவர்களது முக்கிய முடிவு. ஸ்கொட்டின் ஆய்வுகளை அடிப்படையாகக் கொண்டு றிச்சர்ட் வோல்ற்றர்ஸ் என்பவர் 1961 இலேயே பறவை வேட்டைநாய்ப் பயிற்சி நூலொன்றை எழுதினார். குட்டி ஒரு வயதை அடையும்வரை பயிற்சியைத் தள்ளிப்போட்ட பழைய வழக்கத்தை எதிர்த்து, 49 ஆம் நாளிலேயே விளையாட்டாகத் தொடங்கலாம் என்று அவர் வாதிட்டார். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், 1848 இல், ஹச்சின்சன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி எழுதிய நூலின் தலைப்பை நேராகத் தமிழாக்கினால் 'நாயை முறித்தல்' என்று வரும். அக்கால ஆங்கிலத்தில் பயிற்சிக்கு வழங்கிய சொல்லே அதுதான். தலைப்பு அவ்வாறிருந்தபோதும், உள்ளே அவர் வலியுறுத்தியது பொறுமையையும் வெகுமதியையும்தான் என்பது குறிப்பிடத்தக்கது.

மறுதரப்பின் வாதத்தையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். அமெரிக்கப் பயிற்சியாளர்கள் பலர் கட்டாயப்படுத்தி எடுத்துவரச் செய்யும் முறையைக் கைக்கொள்கின்றனர். காதையோ கால்விரலையோ நெரித்து, வலியில் வாய் திறக்கும் கணத்தில் மரக்கட்டையை வைத்து, கவ்வியதும் வலியை நிறுத்துவது அதன் அடிப்படை. அவர்களது நியாயம் இலேசானதன்று. விளையாட்டுக்காக எடுத்துவரும் நாய், விருப்பமில்லாத நாளில் எடுத்துவராது. அன்று புதருக்குள் காயமடைந்து கிடக்கும் பறவை அணுவணுவாகச் சாகும். அந்தத் துன்பத்தைவிட நாயின் சில வார வலி சிறியது என்கின்றனர். காயப்பட்ட பறவையைக் கைவிடக்கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. வேட்டையையே வெறுக்கும் என் சைவ நண்பர்கள்கூட இந்த ஒன்றை மறுக்கமாட்டார்கள். எனினும், அந்த முறையைக் கையாளும் பொறுப்புள்ள பயிற்சியாளர்களும் நிரந்தரப் பற்கள் முளைத்த பின்னரே, அதற்கு முன் மாதக்கணக்கில் விளையாட்டாக எடுத்துவரச் செய்த குட்டியிடமே அதனைத் தொடங்குகின்றனர். அதாவது, வற்புறுத்தலும்கூட முன்னரே சேர்த்துவைத்த விருப்பத்தின்மீதுதான் நிற்கின்றது. அவ்வாறாயின் முதலீடு எது என்பது தெளிவாகின்றது. அந்த முதலீட்டைப் பெருக்குவதில் காட்டாத அக்கறையைக் காதை நெரிப்பதில் காட்டுவது அவசரக்காரனின் வழி என்பதே எனது கருத்து.

எங்கள் நாட்டிலும் இதற்கு ஒரு சாட்சியம் உண்டு. வன்னியில் கண்ணிவெடி அகற்றும் பணிகளில் மோப்ப நாய்களும் பயன்படுத்தப்பட்டன. செய்தி சேகரிக்கச் சென்ற ஒருநாள் அவற்றில் ஒன்றைப் பார்த்தேன். வெடிமருந்தின் மணம் கிடைத்ததும் அது குரைக்கவில்லை, நிலத்தைக் கிளறவும் இல்லை. அமைதியாக உட்கார்ந்துவிட்டது. செற்றர் என்ற பெயரும் அந்த நாய்கள் பறவையின் மணத்தில் தாழ்ந்து அமரும் பழைய பழக்கத்திலிருந்து வந்ததுதான் என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன். வேலை முடிந்ததும் நாயின் பொறுப்பாளர் சட்டைப்பையிலிருந்து ஒரு றப்பர் பந்தை எடுத்து எறிந்தார். மனித உயிர்கள் தங்கியிருந்த அந்தப் பணிக்கு நாய் பெற்ற கூலி அந்தப் பந்துதான். அடியால் பழக்கிய நாயொன்று உட்கார்ந்த இடத்தையும் உட்காராத இடத்தையும் நம்பி அந்த மண்ணில் காலடி வைக்க எவர் துணிவார்? அடிக்கு அஞ்சும் நாய், எசமானின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். காற்றை முகர்வதற்கு அதற்கு நேரம் கிடைப்பதில்லை.

தமிழில் பழகுதல், பழக்குதல் என்று இரண்டு சொற்கள் உள்ளன. வேர் ஒன்றே. ஒருவரோடு பழகுகின்றோம்; ஒன்றைப் பழக்குகின்றோம். ஆங்கிலேயன் முறித்தல் என்று பெயரிட்ட செயலுக்கு நமது முன்னோர் வைத்த பெயருக்குள்ளேயே அதன் வழிமுறையும் இருக்கின்றது. பழகாமல் பழக்க முடியாது. இவ்வளவு நல்ல சொல்லை வைத்துக்கொண்டு, கம்பையும் கையில் எடுத்தோம் என்பதே நமது குறை.

ஓகஸ்ட் மாத இறுதியில், கயிற்றுச் சட்டத்தின் காலம் முடிந்த பின்னர், ஆசிரியர் எங்களையும் அழைத்துக்கொண்டு டோவ்ரே மலைப்பகுதிக்குச் சென்றார். ஆடுகள் இன்னும் மேய்ந்துகொண்டிருந்தமையால் குட்டிக்கு நீண்ட கயிறு கட்டப்பட்டிருந்தது. துவக்குக் கொண்டுவரவில்லை. அரை மணி நேரம் குட்டி வெறுமனே துள்ளித் திரிந்தது. பின்னர் ஒரு சரிவில், காற்று முகத்தில் அடித்தபோது, பாதி தூக்கிய முன்னங்காலோடு நின்றுவிட்டது. ஒரு நிமிடத்துக்கும் மேலாக அசையவில்லை. அதன் உடல் மாத்திரம் மெல்ல நடுங்கிக்கொண்டிருந்தது. இருபது அடிக்கு அப்பால் புதரிலிருந்து பறவைகள் சடசடவென்று எழுந்து பறந்தன. ஆசிரியர் எதுவும் சொல்லவில்லை. குட்டிக்கு அருகில் சென்று மண்டியிட்டு உட்கார்ந்துகொண்டார். அவரது கண்கள் கலங்கியிருந்தன.

நாடு திரும்பியதும் குஞ்சியப்பாவைப் பார்க்கச் சென்றேன். எண்பது வயதைத் தாண்டிய அவர் இப்போது கிளிநொச்சியில் மகளோடு இருக்கின்றார். நடைவழியையும் காலுறையையும் பாற்பல்லையும் பற்றி விவரித்தேன். நெடுநேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அது என்னட்டைத்தானே தம்பி கொண்டுவந்தது" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

கனடாவிலோ ஐரோப்பாவிலோ அவுஸ்திரேலியாவிலோ புதிதாக நாய்க்குட்டி வாங்கியிருக்கும் எம்மவர்களுக்கு, அது வேட்டைக்குப் போகாத குட்டியாயினும், ஒன்றைச் சொல்ல விரும்புகின்றேன். அது எதையாவது வாயில் கவ்விக்கொண்டு உங்களை நோக்கி ஓடிவரும்போது, முதலில் அது எதைக் கொண்டுவருகின்றது என்று பார்க்காதீர்கள். யாரிடம் கொண்டுவருகின்றது என்று பாருங்கள்.